சிறையிருப்பிலிருந்து திரும்பின தகப்பன்மார்



எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை ஆராதனையில் வாசிக்கச் சொன்னால், வாசிக்க வருகிறவர் ஒரு தரம் என் முகத்தைப் பார்ப்பார். எல்லாம் நாவில் புரளாத பெயர்கள்; ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண்ணிக்கை. முடிவில் 42,360 பேர் என்று கூட்டுத்தொகை. அதோடும் நிற்காமல் குதிரைகள் 736, ஒட்டகங்கள் 435, கழுதைகள் 6,720 என்று மிருகங்களையும் எண்ணி வைத்திருக்கிறார்கள். வீட்டில் தனியே வேதம் வாசிக்கும்போது நம்மில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்தைத் தாண்டி மூன்றாம் அதிகாரத்துக்குப் போய்விடுகிறோம்.

இந்த வாரம் அந்தப் பக்கத்திலேயே சற்று நிற்க விரும்புகிறேன். அது மரித்தவர்களின் பட்டியல் அன்று. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து உயிரோடு ஊர் திரும்பினவர்களின் பட்டியல். சிறைப்பட்டுப் போன தலைமுறையில் பலர் அதற்குள் மண்ணாகியிருப்பார்கள். பெரும்பாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம் திரும்பினார்கள். ஆனாலும் இன்ன தகப்பனுடைய வீட்டார் என்றே அவர்கள் எழுதப்பட்டார்கள்.

நம் நாட்களின் பட்டியல்கள் இப்படியல்ல. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம், முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. ஜூலை 14-ஆம் நாள் அதற்கு விளக்கேற்றுவதைப் பார்க்க நம் பிள்ளைகள் பேருந்து ஏறிப் போகிறார்கள். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தப் போரில் மாண்ட 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் குறிப்புகள் உள்ளன. பிரிட்டிஷ் அரசின் கீழிருந்த நாடுகளின் வீரர்களுக்கான கல்லறை ஆணையம், இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 இலட்சம் பேரின் பெயர்களைக் காக்கிறது. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அகப்பட்டு, அடைபட்டு, பசித்து, பின்பு ஒரு நாள் கையில் ஒரு மூட்டையோடு வீட்டு வாசலில் வந்து நின்றவனுக்குக் கல் இல்லை. அவன் சாகவில்லை, ஆகையால் தியாகியும் இல்லை. வெற்றி பெறவும் இல்லை. ஆகையால் வீரனும் இல்லை. ஓய்வூதியக் கணக்கில் அவனுடைய சிறைக்காலம் ஒரே ஒரு வரியாக அடங்கிவிடுகிறது.

அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது பிள்ளைகளின் கடமை என்பது என் கருத்து. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணவேண்டும் என்னும் கற்பனை, அவர்கள் கண்மூடினதோடு காலாவதியாகிவிடுகிறதில்லை.

இதை நான் சொல்லக் காரணம் நம் ஊரின் கிடப்பு. காட்டேரிக்குப்பத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடுகிறது. 1947 வரைக்கும் அந்தக் கோடு இரண்டு பேரரசுகளின் எல்லை. கோட்டுக்கு இப்பக்கம் பிறந்தவன் பிரெஞ்சுக்காரனின் ‘சொல்தா’ ஆனான். அப்பக்கம் பிறந்தவன் மதராஸ் படைப்பிரிவிலோ சுரங்க வெடிப் பிரிவிலோ சேர்ந்தான். இரு குடும்பத்தாரும் ஒரே சந்தையில் மாடு வாங்கி, ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்து வாங்கினவர்கள். ஆனால் ஒருவனுடைய காகிதம் இன்று பிரான்சில் இருக்கிறது. மற்றவனுடையது நீலகிரி வெலிங்டனிலோ பெங்களூரிலோ இருக்கிறது. நம் சபையின் குடும்பப் பதிவேட்டில் இவ்விரண்டு வகையாரும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கிறார்கள்.

பிரெஞ்சுப் படைக்குப் போனவர்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும், இளையவர்கள் அறியார்கள். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதியிட்ட ஆணையொன்று, பிரெஞ்சிந்தியர் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர வழி திறந்தது. அப்படித் துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். ஒடுக்கப்பட்ட மக்களில் பலர் இதை விடுதலையின் வாசலாகக் கண்டார்கள். கிறிஸ்தவர்களிலும் பலர் இவ்வழி வந்தார்கள். துறந்தபோது புதிதாக ஒரு குடும்பப் பெயர் சூட்டிக்கொள்வது வழக்கம். (பாட்டனார் பெயரைத் தேடுகிறவர்கள் இதை மறவாதிருங்கள், ஊரார் அழைத்த பெயரில் ஒன்றும் கிடைக்காது.) இவர்களில் ஏராளமானோர் இந்தோசீனாவுக்குப் போனார்கள், அலுவலகங்களிலும், காவலிலும், வரி வசூலிலும், படையிலும் வேலை பார்த்தார்கள். அக்காலத்தில் சைகோன் நம் மக்களுக்கு அயலூர் போல இருந்தது.

பின்பு யுத்தம் வந்தது. 1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் பணிந்தபின், புதுச்சேரியின் ஆளுநர் பொன்வேன் அவ்வாண்டு செப்டம்பரில் ஜெனரல் தெ கோலின் சுதந்திர பிரான்சின் பக்கம் நின்றார். சைகோனோ மாறாக அட்மிரல் தெக்கூவின் கையில், விஷி அரசின் பக்கம், ஜப்பானியப் படைகளை உள்ளே இருத்திக்கொண்டு நின்றது. ஒரே கொடியின் கீழிருந்த கணவனும் மனைவியும் எதிரெதிர் முகாம்களில் அகப்பட்டார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியபோது கடல் வழியும் அடைபட்டது. கடைசியில் 1945 மார்ச் 9 இரவு, ஜப்பானியர் இந்தோசீனாவின் பிரெஞ்சுப் படைமுகாம்களை ஒரே நேரத்தில் தாக்கினார்கள். எதிர்த்து நின்றவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், எஞ்சினவர்கள் சிறைப்பட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தை நான் புத்தகத்தில் அறிந்திருந்தேன். ஆனால் ஒரு வீடு சந்திப்பின்போதுதான் அது என் கைக்கு வந்தது. எண்பதைத் தொட்ட ஒரு சகோதரி, பெயர் வேண்டாம். ஒரு தகரப் பெட்டியிலிருந்து பிரெஞ்சில் தட்டச்சான ஒரு தாளை எடுத்து, “இத ஒரு தடவ படிச்சிச் சொல்லுங்க ஐயா. பென்ஷனுக்கு வேணும்னு எங்கம்மா பத்திரமா வச்சிருந்துச்சி. எங்கப்பாவ ஜப்பான்காரன் புடிச்சி வச்சிருந்தானாம். அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னதில்ல” என்றார். தாளில் அந்த வரி இருந்தது: 11-ஆம் காலனியக் காலாட்படை, சைகோன், போர்க் கைதி, 1945 மார்ச் 9 முதல் அவ்வாண்டு செப்டம்பர் வரை.

நான் வாசித்தவுடன் அவர் முகம் வாடிற்று. “ஆறு மாசந்தானா ஐயா? எங்கம்மா நாலு வருசம்னு சொல்லுச்சே?”

காகிதம் பொய் சொல்லவில்லை. தாயாரும் பொய் சொல்லவில்லை. இராணுவ எழுத்தர் முள்வேலிக்குள் இருந்த நாட்களைக் கணக்கிட்டார். அந்தத் தாயார், கடைசிக் கடிதம் வந்த நாளிலிருந்து கணக்கிட்டார். தபால் நின்ற நாள் முதல் அவர்கள் இருவருமே சிறையிருப்பில்தான் இருந்தார்கள். இதைச் சொன்னபோது அந்தச் சகோதரி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தன் தகப்பன் சோறு வடித்த கஞ்சியைக் கீழே ஊற்ற ஒருநாளும் விட்டதில்லை என்று மட்டும் சொன்னார். குடும்ப நினைவும் ஆவணமும் முரண்படும்போது ஒன்றைப் பொய்யென்று தள்ளிவிட அவசரப்படாதீர்கள் என்று தேடுகிறவர்களுக்குச் சொல்லுவேன். இரண்டும் வெவ்வேறு காரியங்களை அளந்திருக்கக்கூடும்.

இதுவரைக்கும் ஆறுதலான கதை. ஆனால் 1945 செப்டம்பர் என்ற அந்த முடிவுத் தேதி என்னை விடவில்லை. ஜப்பான் ஆகஸ்டு 15-இல் பணிந்தது. சைகோனுக்கு வந்திறங்கிய பிரிட்டிஷ் படை 20-ஆம் இந்தியப் படைப்பிரிவு. அதாவது, நம் நாட்டவரே. அவர்கள் பிரெஞ்சுக் கைதிகளை விடுவித்து, ஆயுதமும் கொடுத்தார்கள். செப்டம்பர் 23-ஆம் நாள் விடியுமுன், அந்த 11-ஆம் காலாட்படையினர் உள்ளிட்ட விடுதலையான கைதிகள் நகரத்தின் அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். அன்று வீதியில் அகப்பட்ட வியட்நாமியர் அடிக்கப்பட்டார்கள், கட்டப்பட்டார்கள். நேற்றுவரை கைதியாயிருந்தவன் இன்று பிறரைக் கைதியாக்கினான். அந்தச் சகோதரியின் தகப்பன் அன்று என்ன செய்தார், கை ஓங்கினாரா, ஒதுங்கி நின்றாரா என்பது எந்தக் காகிதத்திலும் இராது. அவர் வாய் திறவாததற்குப் பசி மட்டும்தான் காரணமா என்பதும் இராது.

இங்கே ஒருவர் என்னைத் தடுக்கலாம். ஐயா, நோவா திராட்சரசத்தினால் வெறிகொண்டு வஸ்திரம் விலகிக் கிடந்தபோது, சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு வந்து மூடினார்களே; பார்த்து வெளியே போய்ச் சொன்ன காமுக்கு என்ன நேர்ந்தது என்று அறியோமா? தகப்பன் மறைத்ததைப் பிள்ளை ஏன் திறக்கவேண்டும்? இது வலுவான கேள்வி. இதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த வேதபகுதியைக் கவனியுங்கள். சேமும் யாப்பேத்தும் அறியாதவர்களாய் இருந்ததில்லை. என்ன நேர்ந்தது என்று அறிந்ததினால்தான் வஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அறிவது வேறு, அம்பலப்படுத்துவது வேறு. தகப்பனின் சிறையிருப்பை அறிந்த பிள்ளைக்கு, எதை மூடவேண்டும் என்றும் தெரியும். அறியாத பிள்ளை மூடுவது ஒன்றுமில்லை. வெறுமனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

மேலும், சிறைப்பட்டதே வெட்கம் என்று நினைத்து மூடுகிறவர்களும் உண்டு; அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். யோசேப்பு சிறையிலிருந்தான்; எரேமியா சேற்றுக் குழியில் இறக்கப்பட்டான்; பவுல் எபேசியருக்கும் பிலிப்பியருக்கும் கொலோசெயருக்கும் பிலேமோனுக்கும் கட்டப்பட்டவனாகவே எழுதினான். அந்நிருபங்களைப் பிரசங்கிக்கிற நாம், நம் பாட்டன் கட்டப்பட்டிருந்ததைச் சொல்லக் கூசுகிறோம்.

எல்லைக்கு அப்பாலிருந்தவர்களின் காரியம் வேறொரு விதத்தில் சிக்கலானது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஏறத்தாழ 40,000 இந்தியச் சிப்பாய்கள் கைதானார்கள். சிலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். யுத்தம் முடிந்து திரும்பினவர்களைப் பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்கள். கறுப்பு என்று எழுதப்பட்டவன் படையிலிருந்து நீக்கப்பட்டான். பின்னர் சுதந்திர இந்தியாவில், 1972-ஆம் ஆண்டுத் திட்டத்தின் கீழ், அதே கறுப்புக்குத் தியாகி ஓய்வூதியம் கிடைத்தது. வெள்ளையாகத் திரும்பினவன் எதுவும் பேசாமல் உழவுக்குப் போனான். எந்த நிறம் எழுதப்பட்டிருந்தாலும் அது பட்டினியில், அடிக்குப் பயந்து, அல்லது மெய்யான விசுவாசத்தினால் ஒரு மனிதன் எடுத்த முடிவு. விசிறி போட்ட அறையில் உட்கார்ந்து நாம் அதற்குத் தீர்ப்பெழுதுவது தகாது.

மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த ஜான் பாப்டிஸ்ட் கிராஸ்டா என்னும் கிறிஸ்தவரை இங்கே நினைக்கிறேன். சிங்கப்பூரில் சிறைப்பட்டு, நியூபிரிட்டன் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, உயிர் தப்பி வந்தவர். 1946-லேயே தாம் பட்டதை எல்லாம் எழுதிவைத்தார், ஆனால் வெளியிடவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தக் கையெழுத்துப் பிரதி வீட்டிலேயே கிடந்தது. பிறகு அவருடைய குமாரன், எழுத்தாளர் ரிச்சர்ட் கிராஸ்டா, அதைப் புத்தகமாக்கினார். தகப்பன் உயிரோடிருக்கும்போதே அது வெளிவந்தது என்பதுதான் என்னைத் தொட்ட செய்தி. இந்தியச் சிப்பாய் ஒருவர் தம் ஜப்பானியச் சிறைவாசத்தைத் தாமே எழுதிய நூல்கள் மிகமிகச் சில. ஒரு மகன் பெட்டியைத் திறந்ததினால் அதில் ஒன்று நமக்குக் கிடைத்தது. நம்மில் பலருக்கு அந்தத் தருணம் கடந்துபோயிற்று. ஆனால் தொண்ணூறு வயதுத் தாயார் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீடுகள் இரண்டொன்று நம் சபையில் உண்டு. அந்தப் பிள்ளைகள் இந்த வாரமே கேளுங்கள்.

காகிதமே இல்லாதவர்களை என்ன செய்வது? எஸ்றாவின் பட்டியலில் இதற்கும் இடமிருக்கிறது. 652 பேர் தங்கள் தகப்பன் வம்சத்தைச் சொல்ல மாட்டாதிருந்தார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஆசாரிய வம்சத்தாரில் சிலர் தங்கள் அட்டவணையைத் தேடியும் காணவில்லை. காணாதபடியினால் ஊழியத்துக்கு விலக்கப்பட்டார்கள்; ஆனாலும் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர் எடுக்கப்படவில்லை.

இந்தத் தென்னாற்காட்டுப் பகுதியிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சயாம் நாட்டையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942-43-இல் போட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையில், சுமார் 60,000 போர்க் கைதிகளோடு, அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் மலாயாத் தமிழர் பல்லாயிரம் பேர். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயர் பொறித்து, புல் வெட்டி, ஒழுங்காயிருக்கின்றன. அதிக எண்ணிக்கையில் செத்த கூலியாட்களுக்கு அங்கே வரிசையும் இல்லை, பெயரும் இல்லை. இராணுவ எண் பெற்றவன் மாத்திரமே கைதி என்று எண்ணப்பட்டான், மற்றவன் கூலி. நம் பெண்கள் கூட்டத்தில் ஒருவர், ‘எங்க பெரிய தாத்தா மலாயாவுக்குப் போனாரு, சண்டைக்கப்புறம் சேதி இல்ல’ என்று சொல்லும்போது, அதுவும் சிறையிருப்பின் பட்டியலில் சேரவேண்டிய வாக்கியம்தான்.

ஆகவே ஒன்று செய்ய நினைக்கிறேன். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று நம் சபையில் மூன்று பதிவேடுகள் இருக்கின்றன. நான்காவதாக ஒன்று திறப்போம். யுத்த காலத்தில் படையிலோ தோட்டத்திலோ சிறைப்பட்டுத் திரும்பினவர்கள், திரும்பாதவர்கள், எந்தக் கொடியின் கீழ் நின்றவராயிருந்தாலும் சரி, அவர்கள் பெயரும், ஊரும், வீட்டார் சொன்ன சொல்லும் அதில் எழுதப்படட்டும். ஆவணம் உள்ளவர்களுக்கு ஆவணத்தின்படி. இல்லாதவர்களுக்கு, சொன்னவர் பெயரோடு.

ஆவணம் தேடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிரெஞ்சுப் படையில் சாதாரண வீரராகவும் கீழ்நிலைத் தலைவராகவும் இருந்தவர்களின் தனிக் கோப்புகள் பிரான்சின் தெற்கே ‘போ’ என்னும் நகரத்து இராணுவ ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதிகாரிகளுடையவை பாரிசை அடுத்த வேன்சேனில். போர்க் கைதிகள் குறித்த கோப்புகளுக்கு நார்மண்டிப் பகுதியின் கான் நகரத்துக் காப்பகத்தைக் கேட்கவேண்டும். பெயரை அந்நாளைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்; பிறந்த தேதி, கொம்யூன், ‘மத்ரிக்குல்’ எண் ஆகியவற்றையும் சேருங்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையினர் என்றால் மதராஸ் படைப்பிரிவுக்கு வெலிங்டன், மதராஸ் பொறியியல் பிரிவுக்குப் பெங்களூர். படை எண் இல்லாவிட்டால் தேடுவது கடினம், ஆகையால் பழைய மணியார்டர் துண்டு, பதக்கத்தின் விளிம்பு எதையும் விடாமல் பாருங்கள். எண் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜெனீவாவிலுள்ள சர்வதேச செஞ்சிலுவைச் சங்கமும் கைதிகளின் அட்டைகளைக் காத்துவருகிறது. ஆனால் ஜப்பான் 1929-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்டும் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே கிழக்கே சிறைப்பட்டவர்களின் விவரங்கள் குறைவாகவே அங்கே போய்ச் சேர்ந்தன.

பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிற தரகர்களிடம் இந்தக் காகிதங்களைக் கொடுத்துவிடாதீர்கள். 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, விருப்பம் தெரிவிக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. தாத்தாவின் சிறைவாசம் அந்தக் கதவை இன்று திறக்காது.

புதன்கிழமை வேதபாடத்துக்குப் பின் ஒரு மணி நேரம் ஆலய அலுவலக அறையில் இருப்பேன். பிரெஞ்சில் உள்ளதை வாசித்துச் சொல்லுகிறேன். கடிதம் எழுத வாலிபர் இருவர் உதவி செய்வார்கள். பழைய தாள்களைத் தயவுசெய்து லாமினேஷன் செய்யவேண்டாம், செல்லோடேப் ஒட்டவேண்டாம். மூலத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, தெளிவான நகலை மாத்திரம் எடுத்துவாருங்கள்.